பெயர் முதலில் வந்தது

கல்யாணத்தன்றே வைத்துவிட்டார்கள்:
மா-லினெயோ.
லினெயோவின் தாய்.
லினெயோ அப்போது எங்கும் இல்லை.
மா என்றால் என்னவென்று
நமக்கு யாரும் பெயர்த்துச் சொல்ல வேண்டாம்.

லெசோத்தோ மலைகளில் அப்படித்தான்.
மருமகளுக்கு முதலில் பெயர்,
பிள்ளை பிறகு.
லினெயோவின் தாயே, உப்புக்கடன் பாக்கி என்பான் கடைக்காரன்.
லினெயோவின் தாயே, சாப்பிட்டாயா என்பான்
எல்லைக்கு அப்பால் சுரங்கத்திலிருந்து
மாதம் இரண்டு முறை புருஷன்.

முதல் பேறு ஜூலையில்.
அங்கே ஜூலை என்றால் பனி.
மருத்துவ நிலையத்துக்குக் குதிரையில் ஐந்து மணி நேரம்.
நான்காவது மணியில் கணவாய்.
சேணத்தை இறக்கிக் காற்றுக்கு மறைப்பாக வைத்தார்கள்.
பிள்ளை அழவில்லை.
என்ன செய்வதென்று தெரியாமல்
போர்வையில் சுற்றினார்கள்.
நல்ல போர்வைதான், கல்யாணப் போர்வை.

பெயர் மட்டும் குதிரையில் திரும்பி வந்தது.
மறுவாரம் கடைக்காரன்
அதே பெயரில்தான் கூப்பிட்டான்.
வேறு எப்படிக் கூப்பிடுவான்?

இந்த முறை
நாள் நெருங்கும் முன்பே கிளம்பிவிட்டாள்.
சும்மா உட்கார்ந்து தின்ன ஒரு மாதமா
என்றான் கொழுந்தன்.
பதில் சொல்லாமல்
பன்னிரண்டு கிலோ சோளமாவைக் கட்டிக்கொண்டு
ஆற்றில் நீர் குறைந்த வாரமாகப் பார்த்து
நடந்தே இறங்கினாள்.

மருத்துவ நிலையத்தை ஒட்டி ஒரு தகரக் கூரை வீடு.
நான்கு வருடம் முன்பு அது கிடையாது.
எட்டுக் கட்டில், பதினோரு வயிறுகள்.
காலையில் ரத்த அழுத்தம்,
மாலையில் சீட்டாட்டம்,
நடுவே பாப்பா கிண்டுவார்கள்.
பாப்பா என்றால் அவர்கள் மொழியில் சோளக்களி.
பானையைச் சுற்றிப் பதினோரு பேர்
பாப்பா வெந்ததா, பாப்பா வெந்ததா என்று
கேட்டுக்கொண்டிருப்பதை
தமிழ் தெரிந்த ஒரு காது கேட்டிருக்க வேண்டும்.

லிமகாட்சோவுக்குக் கால் வீங்கி
கண்ணில் மின்னல் பறந்தது ஒரு காலை.
மத்தியானத்துக்குள் ஜீப் வந்து
பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.
அவள் தட்டை யாரும் எடுக்கவில்லை.
கவிழ்த்தபடியே இரண்டு நாள் கிடந்தது.
மூன்றாம் நாள் போன் வந்தது: இரட்டை.
மூவரும் சௌக்கியம்.
தட்டைக் கழுவி அடுக்கினார்கள்.

பத்தொன்பதாம் இரவு மா-லினெயோவுக்கு வலி.
விடியும் முன் பிறந்தாள்.
நீலமாக, தொய்ந்து,
சத்தமில்லாமல்.

அந்த நிசப்தத்தை அவளுக்கு முன்பே தெரியும்.
எதுவும் கேட்கவில்லை.
சுவரைப் பார்த்தாள்.

தாதி மொட்செலிசிக்கும் தெரியும்,
ஆனால் அவளிடம் ஒரு கடிகாரம் இருந்தது.
துடைத்தாள். முதுகைத் தேய்த்தாள்.
அரை எலுமிச்சை அளவு முகமூடி,
ஒரு ஆட்டுக்குட்டியின் விலைகூடப் பெறாது,
மூக்கையும் வாயையும் மூடி வைத்து
அழுத்து, விடு.
அழுத்து, விடு.
நெஞ்சு எழும்புகிறதா?
எழும்பவில்லை.
கழுத்தைச் சற்று நிமிர்த்து.
அழுத்து.
எழும்பியது.
அழுத்து, விடு, அழுத்து

அப்புறம் ஒரு செருமல்.
அப்புறம், தூக்கம் கெட்ட ஆத்திரத்தில்
அந்தச் சின்ன முகம் முழுக்கச் சிவந்து
ஒரு வீறல்.
பக்கத்து வீட்டில் பத்துப் பேரும் எழுந்துவிட்டார்கள்.

தாயின் வெற்று மார்பில் பிள்ளையைப் போட்டு
இருவர் மேலும் ஒரே போர்வை.
அதே கல்யாணப் போர்வை.

காலையில் பதிவேடு.
முந்தைய பேறு: ஒன்று.
உயிரோடு இருப்பது: இல்லை.
அவளுக்குப் பெயர் லினெயோ என்றாள் தாய்.
அதற்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.
மொட்செலிசி கொஞ்சம் யோசித்து
ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்.

இந்தக் குழந்தையின் பெயர்?
அவர் சுரங்கத்திலிருந்து மேலே ஏறி
போன் பண்ணட்டும், அவசரமில்லை,
இந்த முறை பிள்ளை முதலில்
என்று சொல்லி முடிக்கவில்லை,
வெளியே யாரோ கத்துகிறாள்
பாப்பா அடிபிடிக்கிறதென்று.